மலைப்பாம்பின் ஒருநாள் செலவு

அன்புள்ள ஐயா,

மலைப்பாம்பு ஒரு தடவை விழுங்கினால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நமக்கு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்பதுபோல அதற்கும் சொல்ல முடியுமா? உடல்சூடே இல்லாத பிராணியிடம் இதை எப்படி அளக்கிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அளக்கலாம். ஆனால் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. (உடல்சூடே இல்லை என்பதும் சரியல்ல. வெயில் காயும் பாலைவன ஓணான் நம்மைவிடச் சூடாக இருக்கும்.)

1780களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் கினிப்பன்றியை வைத்து, உருகிய நீரைக் கொண்டு அதன் உடல் வெளிவிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். அதே கலத்தில் தவளையை வைத்தால் தவளையும் சேர்ந்து குளிர்ந்து அடங்கிவிடும். அதனால் பெரும்பாலும் மூச்சைத்தான் அளக்கிறார்கள். பிராணியை மூடிய பெட்டியில் விட்டு, உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் உள்ள ஆக்சிஜனை ஒப்பிடுவார்கள். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் சுமார் 20 கிலோஜூல் (உணவுக் கணக்கில் சுமார் 5 கலோரி) சக்தி.

இதுவரை சுலபம். ஆனால் வெப்பநிலை 10 டிகிரி ஏறினாலே செலவு இரண்டு, மூன்று மடங்காகிவிடும். எத்தனை டிகிரியில் அளந்தது என்று சொல்லாத எண்ணை நம்பாதீர்கள். அப்புறம் சாப்பாடு. பெரிய இரையை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் ஆக்சிஜன் செலவு, பட்டினி கிடந்தபோது இருந்ததைப்போல 40 மடங்குக்கும் மேலே போவதை அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டயமண்டும் 1990களில் அளந்தார்கள். அதுவும் சுருண்டு படுத்தபடியே! பட்டினியில் சுருங்கிப்போன குடலை அது மறுபடி வளர்த்தாக வேண்டும், இரையையும் செரிக்க வேண்டும். ஆக, நீங்கள் கேட்கும் 'ஒரு நாள்' எந்த நாள்?

மூன்றாவது, பயம். துருவக்கடல் மீன்கள் அந்தக் குளிரில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகச் செலவழிக்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். அது குளிருக்கான தகவமைப்பு என்று கோட்பாடும் வந்தது. மீன்களைப் பிடித்துக் கையாண்ட பதற்றமே அந்த எண்களை ஏற்றிக் காட்டியிருக்கலாம் என்று 1974இல் ஹோலிட்டன் என்ற ஆய்வாளர் கேள்வி எழுப்பினார். எனக்கு அவர் சொன்னதே சரியாகப் படுகிறது. பெட்டியில் போட்டதும் அளக்கக் கூடாது, அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

காட்டில் திரியும் பிராணிக்கு வேறு வழி. கன ஆக்சிஜனும் கன ஹைட்ரஜனும் (வழக்கத்தைவிட எடை கூடிய அணுக்கள், அதனால் அடையாளம் காணலாம்) கலந்த நீரை ஊசியில் ஏற்றி விட்டுவிட்டு, சில நாள் கழித்துப் பிடித்து இரத்தம் எடுப்பார்கள். ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜன் நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். இரண்டும் குறைந்த வேகத்தின் வித்தியாசத்திலிருந்து, வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு தெரியும். இந்த முறையில் கிடைத்த அளவுகளைத் தொகுத்து அமெரிக்க உயிரியலாளர் கென்னத் நாகி 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பாலூட்டிக்கு, அதே எடையுள்ள ஊர்வனவைப்போல ஏறத்தாழ 12 மடங்கு செலவாகிறது. பாலூட்டியின் ஒருநாள் செலவில் ஊர்வன ஏறத்தாழ 12 நாள் ஓட்டிவிடும்.