கீரையில் வறட்சி தாங்கும் ரகத்தை, நெல்லில் செய்வது போலவே தேர்ந்தெடுக்க முடியாதா?

அப்படியே செய்ய முடியாது. இதை நான் தொட்டியில் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதுகலை மாணவனாக இருந்தபோது 40 வகைத் தண்டுக்கீரைகளைத் தொட்டிகளில் வளர்த்து, 20-ஆம் நாளில் தண்ணீரை நிறுத்தி, கடைசியாக வாடியவற்றைத் தேறியவை என்று குறித்துக்கொண்டேன். அவற்றை வயலில் விதைத்தபோது விளைச்சல் சாதாரண ரகத்தின் அருகில்கூட வரவில்லை. எல்லாத் தொட்டியிலும் ஒரே அளவு மண்தான் இருந்தது; அகன்ற இலைச் செடி அதிலிருந்த ஈரத்தை நான்கே நாளில் உறிஞ்சித் தீர்த்து வாடியது, சிற்றிலைச் செடி ஒன்பது நாள் நின்றது. ஆக, நான் பொறுக்கியெடுத்தது வறட்சி தாங்கும் திறனை அன்று, குட்டை உருவத்தை.

நெல்லில் வறட்சி வருமுன் கதிர் முற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். பரமக்குடியிலிருந்து 2009-இல் வெளிவந்த அண்ணா 4 ரகம் 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வருவது மானாவாரி உழவருக்குப் பெரிய அனுகூலம். கீரையிலோ அந்த அவசரமே கேடு. ஈரம் குறைந்ததும் செடி பூவெடுத்து விதை கட்டப் பார்க்கும். பூ தலைகாட்டிய கீரையைச் சந்தையில் யாரும் தொட மாட்டார்கள். இலைத்துளைகளை மூடிக்கொண்டு காத்திருக்கும் செடியும் அந்த நாட்களில் இலை வைப்பதில்லை. 25 நாளில் பறிக்கப்படும் முளைக்கீரைக்கு ஒரு வாரம் என்பது ஆயுளில் கால் பங்குக்கு மேல். தண்டு நாரோடிப் போனால், மசிக்கும்போது மத்தில் திரிதிரியாகச் சுற்றிக்கொள்ளும்; ஆகவே சமைத்துப் பார்ப்பதையும் நான் தேர்வின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

இத்தனைக்கும் தண்டுக்கீரை இயல்பிலேயே சிக்கனமான பயிர். மக்காச்சோளம், சோளம் போன்று சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்வதால், நீர் குறைவாகச் செலவழித்தே எடை கூட்டும். அதன் பலவீனம் முளைக்கும் பருவத்தில் இருக்கிறது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் அடங்கும் அந்தச் சிறு விதையை ஆழத்தில் போட முடியாது, மேல்மண் காய்ந்தால் நாற்றும் போயிற்று. மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரைத் தவறவிட்ட பாத்தியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எனவே முளைப்பருவத்தைத் தனியாகவும், வளர்ந்த செடியை வயலிலும் சோதிக்க வேண்டும். வயலில் யார் கடைசியில் வாடினார் என்பதைவிட, வாடிய பின் மீண்டும் தண்ணீர் விட்ட ஐந்தாம் நாள் எவ்வளவு புதுத் தழை வந்தது என்பதையே எடை போட வேண்டும்.

கலப்பு செய்வதிலும் சிக்கல் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீரை ரகங்களில் கோ 1 டூபியஸ் இனம், குரோமோசோம் 64. கோ 2, கோ 5 இரண்டும் டிரைகலர் இனம், அதற்கு 34. இவ்விரு இனங்களை இணைப்பது எளிதன்று. ஓரினத்துக்குள் கலக்கலாம் என்றாலும், ஆண் பூவும் பெண் பூவும் கடுகினும் சிறியவையாக ஒரே கொத்தில் நெருங்கியிருப்பதால் தாய்ச்செடி தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளாதபடி ஆண் பூக்களை நீக்குவது பெரும்பாடு. இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு: பச்சைச் செடியைத் தாயாகவும் செங்கீரையைத் தந்தையாகவும் வைத்து இரண்டு கொத்துகளையும் ஒரே பைக்குள் கட்டிவிட்டு, தாயின் விதையை முளைக்க வைத்தால், சிவந்து எழும் நாற்றே கலப்பு, பச்சை நாற்றைப் பிடுங்கி எறியலாம். சாலட்டுக்குப் பயன்படும் இலைப்பயிரான லெட்யூஸின் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்த வகையில் அதிர்ஷ்டம் அதிகம்: ஆணிவேரை ஆழமாக இறக்கும் அதன் காட்டு உறவான செரியோலா, சாகுபடிச் செடியோடு தடையின்றிக் கலக்கிறது.

நீங்கள் சொந்த விதை எடுப்பவரானால், தண்ணீர் தப்பியதும் முதலில் பூவெடுக்கும் செடிகளை உடனே பிடுங்கிவிடுங்கள். "முதலில் முற்றியது" என்று அவற்றையே விதைக்கு விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதனால் ஒவ்வோர் ஆண்டும் சீக்கிரம் பூக்கும் கீரையையே பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.