அம்மாவுக்கு முட்டி வலிதானா?

கேள்வி: பினாங்கு, கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அப்பா தம் சேமநிதிப் பணத்தில் வாங்கியது. அவர் காலமான பிறகு அம்மா பேருக்கு மாற்றினோம். ஒன்றரை வருஷமாகக் குளியலறைக் கூரை ஒழுகுகிறது. மேனேஜ்மெண்ட் ஆபீசுக்கு எத்தனையோ முறை வாட்ஸ்அப் அனுப்பிவிட்டேன். 'கான்ட்ராக்டர் வருவார்' என்பார்கள், வரமாட்டார். அதனால் மாதம் 180 வெள்ளி (ரிங்கிட்) மெயின்டனன்ஸ் கட்டுவதை 11 மாதமாக நிறுத்திவிட்டேன். அவர்கள் எங்கள் அக்செஸ் கார்டை முடக்கிவிட்டார்கள். போகவர ஜாகாவிடம் (காவலாளியிடம்) புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் யாராவது கதவைத் திறக்கும்போது பின்னாலேயே நுழைந்துவிடுவேன். அம்மாவுக்கும் சிரமமில்லை, முட்டி வலி என்று இப்போது வெள்ளிக்கிழமை குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. பணம் கட்டாமல் கார்டைத் திறக்க வைக்க என்ன வழி?
– மகன், கெலுகோர்

பதில்: வழி இல்லை, தம்பி. நோட்டீஸ் வந்து 14 நாளில் பாக்கியைக் கட்டாவிட்டால் கார்டை முடக்கலாம், கையெழுத்துப் புத்தகம் வைக்கலாம், பேர், வீட்டு எண், பாக்கித் தொகை எல்லாம் போட்டு நோட்டீஸ் போர்டில் பட்டியலும் ஒட்டலாம். அடுக்குமாடிக் கட்டடங்களின் நிர்வாகத்துக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. கார்டை மறுபடி திறக்க 50 வெள்ளிக்கு மேல் வாங்கக்கூடாது என்பது ஒன்றுதான் உங்களுக்கு அதில் ஆதாயம்.

இந்த ஒழுகல் கடிதங்கள் என் மேசை இழுப்பறையில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. உங்களுடையதை நான் தனியே எடுத்து வைத்தது அந்த முட்டி வலிக்காக.

உங்கள் அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படி ஏறுகிறவர் என்றால் நம்பியிருப்பேன். குயின் ஸ்ட்ரீட் கோயில் தெருவோடு தெருவாக இருக்கிறது. அங்கே போக எந்த மலையை ஏற வேண்டும்? முட்டி வலி எப்போது தொடங்கியது என்று யோசித்தீர்களா? கார்டு முடங்கியதற்கு முன்னாலா, பின்னாலா?

நான் சொல்கிறேன், தப்பென்றால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை காலை. தலைக்குக் குளித்து, புடவை கட்டி, பூவும் எண்ணெய்ப் பாட்டிலும் பையில் வைத்துக்கொண்டு அம்மா கீழே இறங்குகிறார். லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர் பேர் ஒட்டியிருக்கிறது. ஜாகா மேசையில் அந்த நேப்பாளத்துப் பையன், பாவம், எழுந்து நின்று புத்தகத்தைத் திருப்பி வைக்கிறான். பேனா எழுதவில்லை. உதறி உதறிக் கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் போட்டது அதே பக்கத்தில், மேலே தெரிகிறது. பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள் காத்து நிற்கிறார்கள். இதற்கு எத்தனை வெள்ளிக்கிழமை தாங்கும்? முட்டி வலிக்கத்தானே செய்யும்!

சண்டை உங்களுடையது. பட்டியலில் இருக்கும் பேர் அவருடையது. மளிகைக் கடைக் கணக்கை மாதக் கடைசியில் தீர்க்காமல் தூங்காத தலைமுறை அது. பெற்ற பிள்ளை வீராப்புக்காக அவரைக் கடன்காரியாக்கிவிட்டான் என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முட்டி வலி என்றுதான் சொல்வார். நீங்களோ திருட்டுப் பூனை மாதிரி அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நுழைந்துவிட்டு, 'அம்மாவுக்குச் சிரமமில்லை' என்று எனக்கு எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்னொன்று. மேனேஜ்மெண்ட் கம்பெனி உங்கள் கட்டடத்துக்குச் சம்பளக்காரன். நீங்கள் நிறுத்திய 1,980 வெள்ளி அவன் பாக்கெட்டிலிருந்து போகவில்லை. லிஃப்டிலிருந்தும் ஜாகா சம்பளத்திலிருந்தும் போயிருக்கிறது. அக்கம்பக்கத்தார் கட்டுகிற காசில்தான் 11 மாதமாக உங்கள் அம்மா லிஃப்டில் இறங்கியிருக்கிறார். பாக்கிக்கு வருஷம் 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். இன்னும் இழுத்தால் கட்டட ஆணையர் வாரண்ட் கொடுத்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்யவும் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தில் இடமுண்டு. அன்றைக்குக் கதவைத் திறக்கப் போவது யார்? நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள்.

ஆகவே முதலில் கட்டுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து, அம்மாவின் சேமிப்பில் கை வைக்காமல்.

அப்புறம் ஒழுகலுக்கு வாருங்கள். அதில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம். நீங்கள்தான் அதை வாட்ஸ்அப்பில் வீணடித்துவிட்டீர்கள். கூரை ஒழுகுகிறது என்று அம்மா பேரில் ஒரு கடிதம் எழுதி, ஆபீசில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அன்றிலிருந்து 7 நாளுக்குள் அவர்கள் வந்து பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு எதனால் ஒழுகுகிறது, யார் பொறுப்பு என்று பாரம் 28இல் சான்றிதழ் தர வேண்டும். கூரை ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, மேல்வீட்டில்தான் கோளாறு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. 'யார் தப்பென்று தெரியவில்லை' என்ற சாக்கு இனி செல்லாது.

வரவில்லையா? பினாங்குத் தீவு மாநகராட்சியில் கட்டட ஆணையர் பிரிவு இருக்கிறது. மலாயில் 'பெசுருஹ்ஜாயா பங்குனான்' என்று கேளுங்கள், காட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம். 250,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுப்பார்கள், பொதுவாக வக்கீல் தேவையில்லை, தீர்ப்பை மதிக்காவிட்டால் குற்றம். ஒழுகுகிற கூரையைத் தேதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள்.

ஆனால் வீடு அம்மாவுடையது. மனுவிலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எனவே இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு டிவியை அணைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கவலைப்படுவார் என்று மறைக்காதீர்கள். உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரியும். உரிமையாளர்களின் ஆண்டுக் கூட்டம் எப்போது என்றும் கேட்டு வையுங்கள். கூட்டத்துக்கு 7 நாள் முன்பு பாக்கி இருந்தால் ஓட்டு கிடையாது. பாக்கி தீர்ந்தால் அவர் ஓட்டுப் போடலாம், அந்த கான்ட்ராக்டர் எங்கே என்று எழுந்து நின்று கேட்கவும் செய்யலாம். முடியவில்லை என்றால், 48 மணி நேரம் முன்னதாகப் பாரம் கொடுத்து உங்களைத் தம் பதிலாளாக அனுப்பலாம்.

பணம் கட்டிய ரசீதோடு ஆபீசிலேயே நில்லுங்கள். லிஃப்டுப் பக்கத்துப் பட்டியலிலிருந்து அம்மா பேரை உங்கள் கண் முன்னால் எடுக்கட்டும். கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.