காரில் சத்தம் வருகிறது, விற்றுவிட்டு ஹைப்ரிட் வாங்கிவிடலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையில் வரும் சம்பளம் 1,15,000 ரூபாய். மனைவி ஆசிரியை, அவருக்கு 38,000. வீட்டுக்கடன் தவணை மாதம் 31,000. வீட்டுச் செலவு 65,000 ஆகிறது. பத்தாவது படிக்கும் மகளின் கல்லூரிச் செலவுக்காக மாதம் 15,000 எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போகிறது. வங்கி வைப்பில் 9 லட்சம் இருக்கிறது.

எங்கள் கார் 2018 பெட்ரோல் செடான், 71,000 கி.மீ. ஓடியது. ஆறு மாதமாக 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஊய்ங் என்று ஒரு சத்தம். டயர் கடையில் நான்கு டயரையும் மாற்றச் சொல்லி 26,000 கேட்கிறார்கள். மெக்கானிக், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவைக்கும் பேரிங் என்கிறார். தெரிந்த புரோக்கர் ஒருவர், பெரிய செலவு வருவதற்குள் தள்ளிவிடுங்கள் என்று சொல்லி 3,80,000 தருவதாகச் சொல்கிறார். சத்தம் இல்லையென்றால் 4,50,000 போகுமாம்.

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழுவது கஷ்டம். பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். அதனால் இடவசதியான பழைய ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள கார்) பார்க்கிறோம். 2023 இன்னோவா ஹைகிராஸ் ஒன்று 24 லட்சம், 2023 ஹைரைடர் ஒன்று 15 லட்சம் சொல்கிறார்கள். ஹைகிராஸ் என்றால் வைப்பு 9 லட்சம், பழைய கார் 3,80,000 போக மீதி 11,20,000-க்கு ஏழு வருடக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மாதம் 1,100 கி.மீ. ஓட்டுகிறோம். பெட்ரோல் மிச்சத்திலேயே தவணையில் பாதி போய்விடும் என்கிறார்கள். சரியா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சத்தம் ஒன்று, இடம் இன்னொன்று. சத்தம் சில ஆயிரங்களில் முடியக்கூடிய விஷயம். இடம் லட்சங்களில் முடிவது. சின்னப் பிரச்சினையின் அவசரத்தில் பெரிய முடிவை எடுப்பதுதான் குடும்பக் கணக்கில் அதிகம் அடிவாங்கும் இடம். முதலில் சத்தத்தை முடிப்போம்.

எனக்கே இது நடந்திருக்கிறது. டயர் கடைக்காரர் சொன்னார் என்று நான்கு டயரையும் புதிதாகப் போட்டேன். அன்று மாலை வீட்டுக்கு வரும்போது அதே சத்தம். கடைசியில் பின்பக்க இடது பேரிங் போயிருந்தது. டயருக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. அதனால்தான் நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைச் செலவழிக்க வேண்டும் என்று இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரியாக அடியுங்கள். அப்புறம் பெருந்துறை பக்கம் நெடுஞ்சாலை காலியாக இருக்கும் நேரத்தில் போங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது, நீங்கள் ஓட்டுவதில் கவனமாக இருக்க அவர் காது கொடுத்துக் கேட்கட்டும். புதிதாகத் தார் போட்ட வழவழப்பான இடத்தில் சத்தம் குறைந்து, பழைய சொரசொரப்பான தாரில் கூடினால் டயர்மேல் சந்தேகம் வையுங்கள். ரோடு எப்படி மாறினாலும் சத்தம் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங்காக இருக்கும். சத்தம் வரும் வேகத்தில் கிளட்சை ஒரு நொடி மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் சத்தம் அப்படியே நின்றால் இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

நீளமான வளைவுகளில் இன்னொரு துப்பு கிடைக்கும். வலதுபக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடி, இடது வளைவில் குறைந்தால் இடதுபக்கப் பேரிங். நேர்மாறாக இருந்தால் வலதுபக்கம்.

வீட்டுக்கு வந்து வண்டி நின்றதும், பின் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுக்கி, எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பப் பல் மாதிரி கையில் இடறினால், டயர் ஏறுமாறாகத் தேய்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின் டயருக்குப் பாரம் குறைவு. மாற்றிப் போடாமல் விட்டால் இப்படித்தான் தேயும். சக்கரங்கள் நேராக நிற்கும் அலைன்மென்ட் தப்பியிருந்தாலும், ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் ஒரு வருடத்தில் அதே பாட்டைப் பாடும்.

கடைசிச் சோதனை எல்லாவற்றையும்விடத் தெளிவானது. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்தே ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். சத்தம் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டால் டயர்தான். இருந்த இடத்திலேயே இருந்தால் வண்டியைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, சுருள்வில்லில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு கையில் தெரியும். பேரிங் என்று உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள். இது காசு விஷயம் மட்டுமல்ல, அம்மாவும் பிள்ளைகளும் போகிற வண்டி.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வருடம் ஆக ஆக ரப்பர் இறுகும், சத்தமும் கூடும். பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், இன்னும் இருந்தாலும் டயர் பழசாகியிருந்தால் மாற்றுவதில் நியாயம் உண்டு. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழே போய்விட்டால் கேள்வியே இல்லை.

எந்தக் காரணமாக இருந்தாலும் சரி, புரோக்கர் குறைத்துக் கேட்பது 70,000 ரூபாய். நான்கு டயரும் மாற்றவேண்டி வந்தால்கூட 26,000-தான். சரிசெய்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன செய்தோம் என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்கலாம். நேர்மையான வழியும் இதுதான், பணம் நிற்கும் வழியும் இதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சத்தத்திலிருந்து தப்பிக்க ஹைப்ரிட் வாங்குகிறோம் என்ற நினைப்பு மனதின் ஓரத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஹைப்ரிட் மெதுவாகப் போகும்போது இன்ஜின் அடிக்கடி அணைந்து மோட்டாரில் ஓடும். இன்ஜின் சத்தம் இல்லாததால் டயர் சத்தம் முன்பைவிட நன்றாகவே காதில் விழும்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் திட்டப்படி 11,20,000 கடனுக்கு 11.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், ஏழு வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 19,500. வட்டி மட்டும் 5 லட்சத்தைத் தாண்டும். தவணையைக் கட்ட முடியும்தான். ஆனால் வைப்பில் ஒரு ரூபாய்கூட இருக்காது. வீட்டுச் செலவும் வீட்டுக்கடனும் சேர்ந்தே உங்களுக்கு மாதம் 96,000 ஆகிறது. இப்போதுதான் அறுவை சிகிச்சை முடிந்த அம்மா வீட்டில் இருக்கிறார். அவருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நிலையில் வைப்பைத் துடைத்து எடுப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஐந்து மாதச் செலவுக்கு 5 லட்சம் அதில் இருந்தே ஆகவேண்டும்.

5 லட்சத்தை ஒதுக்கிவிட்டு அதே ஹைகிராஸை வாங்கினால் கடன் 16,20,000 ஆகிவிடும். ஐந்து வருடத்தில் கட்ட மாதம் சுமார் 35,600. எல்லாம் போக உங்கள் கையில் மாதம் 6,000 ரூபாய்தான் நிற்கும். முதல் நெருக்கடியிலேயே மகளின் எஸ்.ஐ.பி. நிற்கும். இரண்டு வருடத்தில் கல்லூரி.

ஏழு வருடம் என்ற கணக்கில் இன்னொரு சிக்கல். இந்த ஹைப்ரிட் பேட்டரிக்கு உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ., இதில் எது முதலில் வருகிறதோ அது. 2023 வண்டிக்கு அது 2031-இல் முடிகிறது. உங்கள் தவணை 2033 வரை போகும். உத்தரவாதம் இல்லாத பேட்டரியும் முடியாத கடனும் ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருக்கக் கூடாது. பழைய ஹைப்ரிட்டுக்குக் கடன் வாங்கும் எல்லோருக்கும் நான் சொல்லும் விதி, பேட்டரி உத்தரவாதத்துக்கு முன்னால் கடன் முடியவேண்டும்.

பெட்ரோல் மிச்சம் தவணையில் பாதியைக் கட்டும் என்பது உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தாது. லிட்டர் 101 ரூபாய் என்றும், இப்போதைய கார் 13 கி.மீ. கொடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் 8,500 ஆகும். ஹைகிராஸ் ஹைப்ரிட்டுக்குச் சோதனைக்கூட அளவு 23.24 கி.மீ. என்றாலும், ஊருக்குள் ஏசி போட்டு ஓட்டும்போது நான் 16-க்கு மேல் கணக்கு வைக்கமாட்டேன். அப்படியானால் மாதம் 6,900, மிச்சம் 1,600. ஹைரைடருக்கு 27.97 என்கிறார்கள், 20 என்று வைத்தால் மிச்சம் 3,000. மாதம் 2,500, 3,000 கி.மீ. நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். உங்களுக்கு ஹைப்ரிட் என்பது ஓட்டச் சுகம், அமைதி. அதற்குக் கொடுக்கும் விலை என்றே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இடம். வீட்டில் ஐந்து பேர்தான் இருக்கிறீர்கள். ஹைகிராஸின் ஏழு சீட் உங்களுக்குத் தேவையில்லை. தேவைப்படுவது உயரமான சீட், அகலமாகத் திறக்கும் கதவு. ஹைரைடரில் இந்த இரண்டும் கிடைக்கும். பின்சீட்டில் மூவர் உட்கார்ந்தால் செடானைவிடத் தாராளமாக இருக்குமா என்பதை உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். அதில் கவனிக்கவேண்டியது டிக்கி. ஹைப்ரிட் பேட்டரி பின்பக்கம் இருப்பதால், சாதாரண வகையில் 373 லிட்டராக இருக்கும் இடம் ஹைப்ரிட்டில் 265-ஆகச் சுருங்குகிறது. இதே வண்டியின் உடன்பிறப்பான மாருதி கிராண்ட் விட்டாராவிலும் இதுதான் நிலைமை. ஹைகிராஸில் பேட்டரி முன்சீட்டுகளுக்கு அடியில் இருக்கிறது, அதனால் பின்னால் இடம் போகவில்லை. ஆனால் உயர்ந்த வகை ஹைகிராஸில் 18 அங்குலச் சக்கரம் வரும். டயர் மாற்றும் நாளில் அந்தச் செலவு தனியாகத் தெரியும்.

என் தீர்ப்பு, ஹைரைடர். பழைய காரைச் சரிசெய்து 4,50,000-க்கு விற்று, வைப்பில் 4 லட்சம் எடுத்து, மீதி 6,50,000-க்கு நான்கு வருடக் கடன். தவணை சுமார் 17,000, வட்டி 1,64,000. கடன் 2030-இல் முடியும், பேட்டரி உத்தரவாதம் 2031 வரை இருக்கும். வைப்பில் 5 லட்சம் அப்படியே நிற்கும்.

வாங்கும் வண்டியிலும் அதே ஞாயிற்றுக்கிழமைச் சோதனையைச் செய்யுங்கள். அதே ரோடு, அதே வேகம். டயர் ரம்பமாகத் தேய்ந்திருந்தால், ஏன், எதிலாவது மோதியதா என்று கேளுங்கள். 2023 வண்டியில் ஒரு டயர் மட்டும் புதுசாக இருந்தாலும் கேளுங்கள். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் வண்டியைக் காட்டி, ஹைப்ரிட் பேட்டரி நிலையைப் பரிசோதித்துத் தாளில் வாங்குங்கள். இதற்கு மறுக்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் நீரில் மூழ்கின. அங்கிருந்து வந்த வண்டி என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கேதான் மறைந்திருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, மிதியடிக்குக் கீழே மக்கிய வாடை இருந்தாலும் வேண்டாம். உயர் மின்னழுத்த வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் என்ன விலைக்கும் அது லாபமில்லை. இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். இழப்பீடே கேட்காத வண்டிக்கு அது 20, 25, 35 என்று வருடாவருடம் ஏறியிருக்கும். பூஜ்யம் என்றால் கடந்த பாலிசியில் ஏதோ நடந்திருக்கலாம், காரணம் கேளுங்கள். அந்தப் போனஸ் வண்டியோடு உங்களுக்கு வராது, விற்றவரிடமே நிற்கும். ஆனால் உங்கள் செடானில் சேர்ந்திருக்கும் போனஸை நீங்கள் புது வண்டிக்குக் கொண்டுபோகலாம், விற்கும்போது சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேப்பர் வேலையில் சுணங்காதீர்கள். படிவம் 29, 30 கொடுத்து ஆர்.சி. பெயர்மாற்றம். வண்டியின் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய கார் வியாபாரியிடம் வாங்கினால், 18 சதவீத ஜி.எஸ்.டி. அவருடைய லாபத்தின் மேல் மட்டும்தான். 15 லட்சத்துக்கும் சேர்த்து வரி என்று பில் போட்டால் கேள்வி கேளுங்கள்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட. அம்மா பின்கதவு வழியாக மூன்று தடவை ஏறி இறங்கட்டும். இறங்கும்போது யாருடைய கையையாவது தேடுகிறாரா என்று பாருங்கள். அவருடைய வாக்கரையும் ஊருக்குப் போகும்போது எடுக்கும் பெட்டிகளையும் வீட்டிலிருந்தே கொண்டுபோய் அந்த 265 லிட்டர் டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். மூடவில்லையென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், ஹைப்ரிட் இல்லாத பழைய ஏழு சீட் வண்டிகளை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.