பிரீமியத்தைச் சேமித்து வைத்தால் போதுமா?

வணக்கம். வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கிவிட்டேன், அலுவலக மருத்துவக் காப்பீடு போய்விட்டது, பிரீமியத் தொகையை மாதாமாதம் வங்கியில் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சேமிப்பு சேரும்வரை நோய் காத்திருக்காது. மூன்றாவது மாதமே விபத்து என்றால் கையில் இருப்பது மூன்று மாதப் பிரீமியம்தான்.

மருத்துவமனை பில் மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். உங்களுக்குப் படுத்த நாளிலிருந்து வருமானமும் நிற்கும். அவசரக் கடனுக்கு வட்டி பேரம் பேச நேரம் இருக்காது. முதலீட்டை வந்த விலைக்கு விற்க வேண்டிவரும். அடிப்படைத் தேவைகள் போக மிஞ்சுவதில் 40 சதவீதத்தை மருத்துவம் விழுங்கினால், அதைக் குடும்பத்தை நிலைகுலைக்கும் செலவாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு வந்திருக்கிறது. ஒரு பெரிய அறுவை சிகிச்சையே அந்தக் கோட்டைத் தாண்டவைத்துவிடும்.

‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பதில்தான் எனக்குக் கூடுதல் பயம். இடையில் சர்க்கரையோ இதயக் கோளாறோ தெரியவந்தால், பல பாலிசிகளில் அதற்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள் (அதுவரை அந்த நோய்க்குப் பணம் கிடைக்காது), பிரீமியத்தை ஏற்றுவார்கள், சில சமயம் மறுத்தே விடுவார்கள். பழைய அலுவலகக் குழுக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று உடனே விசாரியுங்கள். பெரும்பாலும் கெடு இருக்கும்.

பிரீமியம் கட்டுப்படியாகாவிட்டால், மருத்துவச் செலவில் முதல் குறிப்பிட்ட தொகையை நீங்களே கட்டும் டிடக்டிபிள் பாலிசி மலிவு. உங்கள் வங்கிச் சேமிப்பை அதற்கென வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் பழைய நோய் எதையும் மறைக்காதீர்கள், கிளெய்ம் நேரத்தில் அதையே காரணம் காட்டி நிராகரிக்கலாம்.