காசு கட்டின காட்டேஜுக்கு சீல் வச்சிருந்தா பணம் திரும்ப வருமா?

ஈரோட்டுல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. கொடைக்கானல் தாண்டி பூம்பாறை பக்கம், பூண்டு வயலைப் பாத்தாப்ல ஒரு மரவீடு, 3 நாளைக்கு 36,000 ரூபா, இன்ஸ்டாகிராம்ல போட்டோ பாத்து தம்பி போன்ல இருந்து ஜிபே பண்ணி முழுசா கட்டிட்டாங்க. குழந்தைகளோட சாயங்காலம் போய் இறங்கினா கேட்ல பூட்டு, சீல், மேல ஒரு நோட்டீஸ். ஓனர் போன்ல "இ-பாஸ் கிடைச்சுதானே வந்தீங்க, அப்ப எல்லாம் சட்டப்படிதான், நோ ரீஃபண்ட்னு முன்னாடியே சொல்லிட்டேன்ல"ன்னாராம். குளிர்ல அலைஞ்சு 2 நாள் லாட்ஜ்ல தங்கிட்டு வந்துட்டாங்க. இப்ப கேஸ் போட கொடைக்கானலுக்கே அலையணுமான்னு கேக்குறாங்க.

அலைய வேண்டாம் சிஸ்டர். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே, அதாவது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்ல (என் தொழிலுக்கு நானே வேட்டு வச்சுக்கிறேன்). சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்ளோதான்.

இ-பாஸ் கதை சுத்த ஏமாத்து. 2024 மே 7-ல இருந்து ஹைகோர்ட் சொல்லி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது அது, மலையேறுற வண்டியையும் ஆளையும் கணக்கெடுக்கத்தான், காட்டேஜுக்கு பர்மிஷன் இருக்கா இல்லையான்னு அது பாக்காது. ஆனா அந்த பாஸை அழிச்சிடாதீங்க, நீங்க அந்த தேதியில போனீங்கங்கறதுக்கு அதுவே சாட்சி.

நோ ரீஃபண்ட்ங்கிறது நீங்களா மனசு மாறி வராம போனா அவர் பேசுற பேச்சு. ரூமே குடுக்க முடியாதவர் அதைச் சொல்ல முடியாது, இது சேவைக் குறைபாடு.

இப்ப முக்கியமான விஷயம், கேட்ல ஒட்டியிருந்த நோட்டீஸை போட்டோ எடுத்தீங்களா? அதுல சீல் வச்ச தேதியும் ஆபீஸ் பேரும் இருக்கும். உங்க ஜிபே தேதிக்கு முன்னாடியே சீல் விழுந்திருந்தா, தெரிஞ்சே காசு வாங்கியிருக்கார்னு அர்த்தம், அது மோசடி, பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றச் சட்டம்) 318-ல போலீஸ்லயும் புகார் குடுக்கலாம். பணம் வாங்கினதுக்கு அப்புறம் சீல் வச்சிருந்தா போலீஸ் பக்கம் போய் நேரத்தை வீணாக்காதீங்க, சிவில் விஷயம்னு திருப்பி அனுப்பிடுவாங்க, நுகர்வோர் ஆணையம் போதும், போன் பண்ணி சொல்லாம உங்களை மலையேற விட்டதும் அவர் தப்புதான். போட்டோ இல்லைன்னா சீல் வச்ச ஆபீஸுக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல தேதியைச் சொல்லியாகணும்.

பணம் தம்பி போன்ல இருந்து போனதால அவரையும் மனுதாரரா சேர்த்துக்கோங்க. அவர் காசு கட்டி நீங்க தங்கப் போனாலும் நீங்களும் நுகர்வோர்தான், இருந்தாலும் எதிர்த்தரப்பு இதைப் பிடிச்சுத் தொங்கும். வாட்ஸ்அப் சாட், அந்த இன்ஸ்டா பக்கம் ரெண்டையும் இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நீங்க ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பின மறுநாள் பக்கமே காணாம போயிடும்.

கேக்குறது 36,000, லாட்ஜ் பில்லு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. 10 லட்சம்னு எழுதாதீங்க, கேஸே விளையாட்டா தெரியும். 3 மாசத்துல முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடைமுறையில அதுக்கு மேலயே இழுக்கும்.

முதல்ல அக்னாலெட்ஜ்மென்ட்டோட ஸ்பீடு போஸ்ட்ல 15 நாள் டைம் குடுத்து நோட்டீஸ் அனுப்புங்க. பாதிக்குப் பேரம் பேசுவார். வாங்கிக்கிறது உங்க இஷ்டம், ஆனா மீதியும் வேணும்னா "முழுசா செட்டில் ஆச்சு"ன்னு அவர் நீட்டுற எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க, வாட்ஸ்அப்ல ஓகேன்னுகூட போடாதீங்க.