வாய்க்கால் பாலத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

கேள்வி: மன்னார்குடியில் இருக்கிறேன். வயது 57, உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 62 கிலோ. 30 வருடமாகக் காலையில் 20, 25 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறவன். இரண்டு வருடமாகக் கழுத்திலும் இடுப்பிலும் வலி. குனிந்து ஓட்ட வேண்டாம் என்கிறார் மருத்துவர். தஞ்சாவூரில் தெரிந்தவர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ரெகம்பென்ட் சைக்கிளை (சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கும் சாய்வு சைக்கிள்) விற்கிறார். முன் சக்கரம் 20 அங்குலம், பின் சக்கரம் 26, இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன். இரண்டே கால் லட்சம் சொல்கிறார். புதிது என்றால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகுமாம். ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். முதல் முறை ஏறியதும் பத்தடி போவதற்குள் சாய்ந்துவிட்டேன். வீட்டில், “இது பாலத்தில் ஏறாது, பஸ்காரர் கண்ணிலும் படாது” என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: பத்தடியில் சாய்ந்ததை வைத்து வண்டியையும் எடை போடாதீர்கள், உங்களையும் எடை போடாதீர்கள். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிமிர்த்தி நிறுத்திவிடலாம். பென்சிலை நிறுத்த முடியாது. குட்டையான பொருள் சட்டென்று சாயும், திருத்திக்கொள்ள நேரம் தராது. சாய்வு சைக்கிளில் உடம்பு தாழ்ந்திருப்பதால் மெதுவாகப் போகும்போது இதே கதைதான். வேகம் கூடினால் அடங்கிவிடும். குரங்கு பெடல் போட்டுப் பழகிய நாட்களை நினைத்துப் பாருங்கள், அன்றைக்கும் முதல் நாளில் யாருக்கும் வரவில்லை. எனக்கு இந்த வண்டி கைக்கு வர மூன்று காலை ஆனது. உங்கள் ஒரு வாரத்தில் முதல் இரண்டு நாளைப் பழகுவதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அந்த இரண்டு நாளில் நல்லது கெட்டது எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

பழகுவதற்கு உங்கள் ஊரிலேயே அருமையான இடம் இருக்கிறது. விடிகிற நேரத்தில் ஹரித்ராநதி தெப்பக்குளத்தின் நான்கு கரையையும் சுற்றுங்கள். நேர் ரோடு, மூலைக்கு மூலை திருப்பம். இடமாக நாலு சுற்று, வலமாக நாலு சுற்று. தலையையும் தோளையும் சீட்டில் சாய்த்து வையுங்கள். எழுந்து முன்னால் வந்தால் வண்டி அலையும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், விரல்கள் தொட்டிருந்தால் போதும். பார்வை முன் சக்கரத்தில் அல்ல, எதிர்மூலையில். பிடி தளர்ந்ததும் வண்டி நேராகப் போவதை நீங்களே உணர்வீர்கள். செருப்போடு ஏறவே வேண்டாம். பெடல் உயரத்தில் இருப்பதால் கால் நழுவினால் நேராகத் தரையில் விழும், வண்டி அதன்மேல் போகும். பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

ஆனால் அதற்கும் முன்னால் வண்டியை உங்கள் அளவுக்கு மாற்ற வேண்டும். கொண்டுவந்தவர் உங்களைவிட உயரமானவராக இருந்தால், நீங்கள் விழுந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். பெடல் பொருத்தியிருக்கும் முன்குழாயை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் முடியும். சீட்டில் முதுகு முழுக்கப் பதிய உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து நீட்டினால் முழங்கால் நேராக வேண்டும்; பாதத்தின் முன்பகுதியை வைத்தால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இதைவிட நீண்டிருந்தால் இடுப்பு இழுபடும், குறைந்தால் முழங்கால் வலிக்கும். குழாயை ஓர் அங்குலம் உள்ளே தள்ளினால் செயினில் இரண்டு அங்குலம் தொங்கும். சிறிய மாற்றத்தைப் பின்கியர் இழுத்துக்கொள்ளும், அதிகமானால் கண்ணி கழற்ற வேண்டும். விற்பவரையே செய்து தரச் சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால், அளவு பொருந்தாத வண்டியைத்தான் நீங்கள் சோதிக்கப் போகிறீர்கள். பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். சீட்டில் இருந்தபடி இரண்டு பாதமும் தரையில் அழுந்தப் பதிகிறதா என்றும் பாருங்கள். 5 அடி 4 அங்குலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. நுனிவிரல் மட்டும்தான் எட்டுகிறது என்றால் மேலராஜவீதி நெரிசலில் நின்று நின்று போக முடியாது.

ஏறும் முன் இன்னும் இரண்டு. ஜெர்மனியில் ரோட்டின் வலப்பக்கம் போவார்கள், அதனால் கண்ணாடி இடது கையில் இருக்கும். நமக்கு அது வலப்பக்கம் வர வேண்டும். இந்த வண்டியில் திரும்பிப் பார்ப்பது சிரமம் என்பதால் கண்ணாடி அலங்காரம் இல்லை, அவசியம். அங்கே பல வண்டிகளில் இடது கை முன் பிரேக்காக இருக்கும். எந்தக் கை எது என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

இப்போது வீட்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அவர்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நம் பக்கம் மலை கிடையாது. காவிரி, வெண்ணாறு, பாமணியாறு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் என்று இத்தனை தண்ணீர் ஓடுவதால் பாலங்கள் மட்டும் உண்டு. நமக்கு ஏற்றம் என்றால் பாலத்து ஏற்றம்தான். சாதாரண சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துவிடுவோம். இதில் எழ முடியாது. கியரைக் குறைத்து, வேகமாகச் சுற்றி ஏற வேண்டும். முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள், பின்னால் உள்ள மிகப் பெரியதன் பற்களையும் எண்ணுங்கள். முன்னது குறைவாக இருந்தால் எந்தப் பாலமும் ஏறும்.

ஏறுவது எளிது, பாதி ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவதுதான் பரீட்சை. மாடு குறுக்கே வரும், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் முன்னால் நிற்கும், பின்னால் பஸ் ஹார்ன் அடிக்கும். மூன்றாம் நாள் ஆள் நடமாட்டமில்லாத வாய்க்கால் பாலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிற்பதற்கு முன்பே கியரைக் கீழே இறக்கிவிட வேண்டும், நின்ற பிறகு இறங்காது. இரண்டு பிரேக்கையும் பிடித்து, பலமான காலின் பெடலை உச்சிக்குச் சற்று முன்னால் நிறுத்தி, தலையைச் சாய்த்து, பிரேக்கை விட்டு ஒரே சீராக அழுத்துங்கள். அந்த ஓர் அழுத்தில் மற்றக் கால் பெடலுக்கு வந்துவிட வேண்டும். பத்து முறை செய்யுங்கள். ஐந்தாம் நாளில் பத்துக்கு எட்டு முறையாவது அலையாமல் கிளம்பினால் வண்டியும் நீங்களும் ஒத்துப்போகிறீர்கள் என்று பொருள். அப்போதும் தடுமாறினால் இரண்டு சக்கரத்தை விட்டுவிட்டு, முன்னால் இரண்டு சக்கரம் வைத்த மூன்று சக்கர ரெகம்பென்ட்டை யோசியுங்கள். தலைப்பிரட்டை போல இருப்பதால் அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயரே உண்டு. நின்றாலும் சாயாது. ஆனால் மிகவும் தாழ்ந்தது, நம் ரோட்டில் உயரமான கம்பில் கொடி கட்டாமல் அதை எடுக்கக் கூடாது.

பஸ்காரர் கண்ணில் படுமா? நீங்கள் சொல்லும் வகையில் சீட் நாற்காலி உயரத்துக்கு வரும், உங்கள் கண் கார் ஓட்டுகிறவர் கண் மட்டத்தில் இருக்கும். பட்டப்பகலில் பார்க்காமல் போக மாட்டார்கள். இருந்தாலும் நண்பர் ஒருவரைப் பைக்கில் பின்னால் வரச்சொல்லி எத்தனை தூரத்தில் தெரிகிறது என்று கேளுங்கள். கொடியும், பகலிலும் எரியும் சிவப்பு விளக்கும் செலவுக் கணக்கில் சேரட்டும்.

வலிக்காகத்தானே வாங்குகிறீர்கள், அதை மட்டும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒருவருக்காக ஒரு வண்டியை 20 நிமிடம் ஓட்டிப் பார்த்து, தாராளமாக வாங்கலாம் என்று சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் ஓட்டியதும் அவர் கால்விரல்கள் மரத்துப்போயின. பெடல் சீட்டைவிட உயரத்தில் இருந்தது அவருக்கு ஒத்துவரவில்லை. 20 நிமிடத்தில் அது தெரியாது. ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஒரு நாளாவது ஓட்டாமல் நான் இப்போது யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. உங்கள் கழுத்துக்கு இன்னொன்று: சீட்டை அதிகம் சாய்த்தால் ரோட்டைப் பார்க்கத் தலையைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள், குனிந்து ஓட்டியபோது வந்த வலி வேறு வழியில் திரும்பும். தரையோடு 40 டிகிரிக்குக் குறையாமல் நிமிர்த்தி வைத்துத் தொடங்குங்கள். இடுப்புக்கு, பின் சஸ்பென்ஷன். வேகத்தடையில் இடுப்பைத் தூக்க முடியாது, அடி முழுவதும் முதுகுக்குத்தான் போகும். அதனால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு இறங்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்ததும் அது மொத்தமாக அமுங்கக்கூடிய தூரத்தில் கால் பங்காவது அமுங்க வேண்டும். 90 கிலோ ஆளுக்குப் போட்ட ஸ்பிரிங் 62 கிலோவுக்குக் கல் மாதிரி நிற்கும். முழங்காலையும் காப்பாற்ற வேண்டும்: முதுகுக்குச் சீட் முட்டுக்கொடுப்பதால் பெரிய கியரில் நம் எடைக்கும் மேலான பலத்தில் அழுத்திவிடுவோம். லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். ஐந்தாம் நாளும் கழுத்து வலித்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

வேகம் பற்றியும் கேட்பீர்கள். 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டரைத் தாண்டி, 1914 முதல் நின்ற சாதனையை முறியடித்தார். 1934-இல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. அதனால்தான் கடைவீதியில் இதைப் பார்க்க முடியவில்லையே தவிர, வடிவத்தில் குறை இல்லை. ஆனால் அது பந்தய வண்டி. சஸ்பென்ஷனும் நிமிர்ந்த சீட்டும் உள்ள உங்கள் வண்டியில் பெரிய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். வித்தியாசம் எதிர்காற்றில்தான் தெரியும். ஆடிக் காற்று அடிக்கும்போது வடுவூர் ஏரி வழியாகத் தஞ்சாவூர் பக்கம் போங்கள், காற்று முகத்தில் இருக்கும். மறுநாள் அதே நேரத்தில் பழைய சைக்கிளில் போங்கள். கடிகாரம் வேண்டாம், மூச்சு சொல்லும். பக்கக்காற்றில் எவ்வளவு தள்ளுகிறது என்பதையும் கவனியுங்கள். வெயில் நேராக முகத்தில் விழும், தொப்பியில் நீண்ட முன்மடிப்பு வேண்டும். சீட் வலைத்துணியாக இருந்தால் நம் புழுக்கத்துக்கு நல்லது. ஸ்பாஞ்சு மெத்தையாக இருந்தால் சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

தை, மாசியில் ரோட்டில் வைக்கோலும் நெல்லும் கிடக்கும். அதன்மேல் முன் பிரேக் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். நேராக, பிரேக் தொடாமல் உருட்டிக் கடக்கப் பழகுங்கள்.

பழைய வண்டி என்பதால் உடம்பையும் பார்க்க வேண்டும். முன்குழாய் கவ்வும் இடத்திலும் பின் சக்கரத்தைத் தாங்கும் பின்கை ஆடும் மூட்டிலும் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, மயிரிழை விரிசல் தேடுங்கள். செயின் சாதாரண சைக்கிளைப்போல இரண்டரை மடங்கு நீளம். ஸ்கேல் வைத்து அளந்தால் 12 முழுக் கண்ணி (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு கூடியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் போயிருக்கும். மாற்றும்போது ஒன்றல்ல, இரண்டரை செயின் விலை, அதைப் பேரத்தில் கழியுங்கள். சீட்டுக்கு அடியில் செயினைத் திருப்பிவிடும் உருளையைக் கையால் அசையுங்கள். பக்கவாட்டில் ஆடினாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ பேரிங் முடிந்தது. முன் டயரின் பக்கச்சுவரில் எண்ணைப் படியுங்கள்: 406 என்று முடிந்தால் மடக்கு சைக்கிள் டயரும் பிள்ளைகள் சைக்கிள் டயர் பலவும் பொருந்தும். 451 என்றால் பஞ்சரான அன்று திண்டாடுவீர்கள்.

எல்லாம் சரியாக வந்தால் இரண்டே கால் லட்சம் அநியாய விலை இல்லை. ஆனால் அதற்குள் உங்கள் எடைக்கான ஸ்பிரிங்கையும், பின் பிரேக்குக்கும் பின்கியருக்கும் நீளமான கேபிள் இரண்டு செட்டையும் கேட்டு வாங்குங்கள். நம் கடைகளில் கிடைக்கும் கேபிள் அந்த நீளத்துக்கு எட்டாது.