குடமுருட்டி என்று சொன்னது தப்பா?

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பில் சேர்க்க கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு இண்டர்வியூவுக்குப் போனோம். "உங்கள் ஊரில் ஓடும் ஆறு எது?" என்று இங்கிலீஷில் கேட்டார்கள். "குடமுருட்டி" என்றாள். பிரின்சிபால் சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, டிராக்டர் ஓட்டுகிறார் என்று நான் சொன்னேன். "நாங்களே கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். காவிரி என்று சொல்லியிருக்கலாமே என்று தினமும் அவளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எனக்கும் தூக்கம் போய்விட்டது.
– பெயர் வேண்டாம், வலங்கைமான்

பதில்: முதலில், மகளிடம் கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவள் சொன்னது சரியான பதில். உங்கள் ஊர்ப் பக்கம் ஓடுவது குடமுருட்டிதானே! திருவையாற்றுக்குப் பெயர் கொடுத்த ஐந்து ஆறுகளில் அதுவும் ஒன்று. காவிரி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு மற்ற நான்கு. பாடப்புத்தகத்தில் படித்ததை ஒப்பிக்காமல் கண்ணால் பார்க்கும் ஆற்றைச் சொல்லியிருக்கிறாள். பிரின்சிபால் சிரித்தது ரசித்துக்கூட இருக்கலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் என்ன எழுதினார் என்பது நம் இருவருக்கும் தெரியாது.

அப்பாவின் வேலையைச் சொன்னதிலும் குறை இல்லை. இந்தப் பள்ளிகள் தாய் தகப்பன் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் போல "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்று எழுந்துகொள்கின்றன. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் குறைச்சல். உண்மையில் அந்த இண்டர்வியூவே நடந்திருக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆவது பிரிவு: எட்டாம் வகுப்பு வரை சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்லிவிட்டதால், நீங்கள் போன பள்ளி அந்த வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சீட்டு வேண்டும் என்று நிற்கிறவர் சட்டம் பேசிக்கொண்டு வாசலில் போய் நிற்க மாட்டார். அது எனக்கும் தெரியும். ஆபீஸுக்குப் போன் போட்டு, லிஸ்ட் என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள். சீட்டு இல்லை என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு போதும். சீட்டு உண்டு, ஆனால் டொனேஷன் என்று இழுத்தால், தனியார் பள்ளிகளுக்கு அரசு அமைத்த கட்டணக் குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

நீங்கள் கவலைப்பட மறந்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு சாதாரணக் கட்டம் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், நீட்டில் தகுதி பெற்றால், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-இல் வந்த சட்டம் அது. அடுத்த வருடம் இன்ஜினீயரிங், வேளாண்மைக்கும் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் இந்த 6-இலிருந்துதான் கணக்குப் பார்க்கிறது. தனியார் பள்ளியில் இப்போது சேர்த்துவிட்டு ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் பொதுவாக இவை கிடைக்காது. தனியார் பள்ளியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து இதையும் கணக்கில் வைத்துப் பேசுங்கள்.

எங்கே சேர்ப்பதானாலும் டி.சி. கேட்பார்கள். பழைய பள்ளியில் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு நடை போய், பஸ் நேரத்தையும் ஆறாம் வகுப்பு டீச்சர்களையும் விசாரித்துவிட்டு வாருங்கள். போகும்போது மகளையும் அழைத்துப் போங்கள்.